காலெலும்பில் ஒரு கீழ்த்தாடை

வாய்ப்புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கவேண்டும், அந்த இடத்தில் காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்போம் என்று மருத்துவர் சொன்னதும், உடன் வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "பிறகு நடக்க முடியுமா?" என்பதைத்தான். முடியும். பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் ஊன்றுகோலின் துணையுடன் நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்காமல் விடப்படும் கேள்வி வேறு: "இவர் மென்று சாப்பிடுவாரா?" இதற்கு மருத்துவர்களால் அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, காலிலிருந்து தொடங்கவேண்டும்.

முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள். உள்பக்கம் இருக்கும் பருத்த எலும்பு டிபியா. உடல் எடையைச் சுமப்பது அதுதான். வெளிப்பக்கம் ஒல்லியாக ஓடும் ஃபிபுலா சுமப்பது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆனாலும் அதை முழுவதுமாக எடுத்துவிட முடியாது. கணுக்காலின் வெளிப்புறத்தில் புடைத்துத் தெரிகிறதே, அது ஃபிபுலாவின் கீழ்முனை. கணுக்கால் மூட்டு ஒரு பக்கம் சாயாமல் நிற்பது அதனால்தான். மேல்முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது. அது அறுபட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் கால் இழுபடும். ஆகவே கீழே 6 முதல் 8 செ.மீ., மேலேயும் சில செ.மீ. விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். அப்படியும் 20 முதல் 25 செ.மீ. நீளம் கிடைக்கும். ஒரு காதின் அடியிலிருந்து மறு காதின் அடிவரை கீழ்த்தாடையை ஏறக்குறைய முழுமையாகக் கட்டி எழுப்ப அது போதும். உடலில் இவ்வளவு நீளமான, அதேசமயம் இழந்தாலும் சமாளிக்கக்கூடிய எலும்பு வேறில்லை.

தாடை போனால் என்னவெல்லாம் போகும் என்பது எந்த இடத்தில் போகிறது என்பதைப் பொறுத்தது. லாட வடிவமான இந்த எலும்பின் பக்கவாட்டுத் துண்டு போனால், எஞ்சிய பாதியைத் தசைகள் வெட்டுப்பட்ட பக்கம் இழுத்துவிடும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காது. முகம் கோணும். இது கஷ்டம்தான், ஆனால் பலர் இதோடு வாழ்ந்துவிடுகிறார்கள். முன்பகுதி, அதாவது மோவாய், போவதுதான் கொடுமை. நாக்கையும் தொண்டையின் முன்பகுதியையும் தாங்கும் தசைகள் அங்கேதான் பற்றிக்கொண்டிருக்கின்றன. பற்று விட்டுப்போனால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். உதடு தொங்கி எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். பேச்சும் விழுங்குதலும் ஒருசேரக் கெடும். இப்படிப்பட்டவர்கள் கழுத்தில் துளையோடும் மூக்கில் குழாயோடும் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போன காலம் ஒன்று இருந்தது. அது அவ்வளவு பழைய காலமும் அல்ல.

இந்தியாவில் ஆண்டுதோறும் புதிதாக வாய்ப்புற்றுநோய் கண்டறியப்படுபவர்கள் சுமார் 1.4 லட்சம் பேர் என்கிறது உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரத் தொகுப்பான குளோபோகானின் 2022ஆம் ஆண்டு மதிப்பீடு. மேலைநாடுகளில் நாக்கில் அதிகம் வரும் நோய், இங்கே கன்னத்தின் உள்புறத்திலும் ஈறோரத்திலும் அதிகம் வருகிறது. வெற்றிலைப் பாக்குடன் புகையிலையையோ குட்காவையோ ஒதுக்கி வைத்துக்கொள்ளும் இடம் அது. ஈறுக்கும் தாடை எலும்புக்கும் நடுவே இருப்பது மெல்லிய திசு மட்டுமே. அதனால்தான் நம் ஊர் வாய்ப்புற்றுநோய் சீக்கிரமே எலும்பைத் தொட்டுவிடுகிறது, தாடையை வெட்டும் அறுவைச் சிகிச்சைகளும் இங்கே இவ்வளவு நடக்கின்றன. புகையிலை இல்லாத வெறும் பாக்கு ஆபத்தில்லை என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்ட தொகுப்பிலேயே அறிவித்துவிட்டது.

செத்த எலும்பும் உயிருள்ள எலும்பும்

எலும்பு எடுத்து எலும்புக்கு வைப்பது புதிய யோசனை அல்ல. முதல் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து தலையை உயர்த்திய வீரர்களின் முகங்கள் குண்டுகளால் சிதைந்தன. அவர்களுக்காகவே லண்டனுக்கு அருகில் சிட்கப் என்ற ஊரில் 1917இல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஹெரால்ட் கில்லிஸ் தலைமையில் அங்கே விலா எலும்பும் இடுப்பெலும்பும் தாடைக்குப் போயின. சிலருக்குப் பிடித்தது. பலருக்குச் சீழ் பிடித்தது. பென்சிலின் இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலம் அது.

தோல்விக்குக் காரணம் கிருமி மட்டும் அல்ல. ரத்த ஓட்டத்திலிருந்து பிரித்து எடுக்கப்பட்ட எலும்புத் துண்டு, வைக்கப்படும்போது பெரும்பாலும் செத்த பொருள்தான். சுற்றியுள்ள திசுவிலிருந்து புதிய ரத்தக் குழாய்கள் மெல்ல ஊர்ந்து உள்ளே வந்து, பழைய எலும்பைக் கரைத்துப் புதிய எலும்பைக் கட்டவேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகும். இடைவெளி சிறியதாக, சுற்றியுள்ள சதை ஆரோக்கியமாக இருந்தால் இது நடக்கும். 5, 6 செ.மீ.யைத் தாண்டினால் சந்தேகம். புற்றுநோயாளியின் வாயிலோ நிலைமை இன்னும் மோசம். ஒரு பக்கம் எச்சில், அதில் கோடிக்கணக்கான கிருமிகள். மறுபக்கம் சிகிச்சைக்கான கதிர்வீச்சு பட்டு ரத்த ஓட்டம் குன்றிய சதை. இப்படிப்பட்ட இடத்தில் செத்த எலும்பு காத்திருக்க முடியாது. டைட்டானியம் தகட்டை மட்டும் வளைத்துப் பொருத்தும் முறையும் இருக்கிறது, இன்றும் செய்யப்படுகிறது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லத் தகடு முறிவதும், தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தலைகாட்டுவதும் உண்டு. மோவாய்ப் பகுதியில் இது அதிகம்.

ஆகவே தேவைப்பட்டது நல்ல எலும்பு அல்ல, தனக்கான ரத்தக் குழாயோடு வரும் எலும்பு. காலின் குழாயைக் கழுத்தின் குழாயோடு தைத்துவிட்டால், வைத்த நிமிடத்திலேயே அந்த எலும்பில் ரத்தம் ஓடத் தொடங்கும். பிறகு அது முறிந்த எலும்பு கூடுவதைப் போலவே, இரண்டு மூன்று மாதங்களில் தாடையோடு கூடிவிடும். எச்சிலோ கதிர்வீச்சோ அதை அவ்வளவு எளிதில் அசைக்காது. கேட்கச் சுலபமாக இருக்கும் இந்த யோசனை மருத்துவத்துக்கு எட்டுவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது.

கதை பிரான்சின் லியோன் நகரில் தொடங்குகிறது. 1894இல் அங்கே பிரெஞ்சு அதிபர் சாதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். அறுபட்ட பெரிய ரத்தக் குழாயைத் தைக்கும் வித்தை அன்று யாருக்கும் தெரியாது, அவர் இறந்துபோனார். அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் காரெலுக்கு அது பொறுக்கவில்லை. ஊரின் பூத்தையல்காரப் பெண்மணி ஒருவரிடம் போய், மெல்லிய ஊசியும் நூலும் கையாளக் கற்றுக்கொண்டார். குழாயின் வாயை மூன்று புள்ளிகளில் இழுத்துப் பிடித்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவ நோபல் ஒன்றின் பின்னால் தையல் வகுப்பு இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

காரெல் தைத்தவை பெரிய குழாய்கள். ஃபிபுலாவுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் குறுக்களவு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதைத் தைக்க நுண்ணோக்கி வேண்டும், தலைமுடியைவிட மெல்லிய நூல் வேண்டும். 1960இல் அமெரிக்காவில் ஜேகப்சனும் சுவாரெஸும் நுண்ணோக்கியின் கீழ்ச் சிறு குழாய்களைத் தைத்துக் காட்டிய பிறகே அதற்கு வழி பிறந்தது. 1975இல் மெல்பர்னைச் சேர்ந்த இயன் டெய்லரும் சக மருத்துவர்களும், விபத்தில் டிபியாவின் பெரும்பகுதியை இழந்த காலுக்கு, மறுகாலின் ஃபிபுலாவை ரத்தக் குழாயோடு எடுத்து வைத்ததாக அறிவித்தார்கள். காலெலும்பு காலுக்கே போனது. முகத்துக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? ஃபிபுலா நேரானது, தாடை வளைந்தது. நேரான எலும்பை வளைக்கவேண்டுமானால் அதைத் துண்டுதுண்டாக வெட்டவேண்டும். வெட்டினால் துண்டுகளுக்கு ரத்தம் போகாதே என்ற பயம். இடுப்பெலும்புக்கு இயல்பிலேயே ஒரு வளைவு உண்டு என்பதால் பலரும் அதையே நாடினார்கள். இந்தப் பயம் பாதிதான் உண்மை. எலும்பின் நடுவே நுழையும் முதன்மைக் குழாய் அறுபடுவது மெய்தான். ஆனால் எலும்பை உறைபோலப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு, அதை ஒட்டியே ஓடும் தமனியிலிருந்து நெடுக வரிசையாகச் சிறு கிளைகள் வருகின்றன. சவ்வைச் சிதைக்காமல் எலும்பை மட்டும் ஆப்பு ஆப்பாக வெட்டி மடக்கினால், ஒவ்வொரு துண்டும் உயிரோடிருக்கும். துண்டு இரண்டு செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். இதைச் செய்து காட்டியவர் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் டேவிட் ஹிடால்கோ. 1989இல் 12 நோயாளிகளின் விவரத்தோடு கட்டுரை வெளியிட்டார். டெய்லரின் அறுவைக்கும் இதற்கும் இடையே 14 ஆண்டுகள்.

நடுவில் தைவான் வருகிறது. எலும்போடு கால் தோலையும் சேர்த்து எடுத்தால் வாயின் உள்பக்கத்தை மூட உதவும். ஆனால் அந்தத் தோல் பிழைக்குமா என்பது நிச்சயமில்லாமல் இருந்தது. எலும்புக்குப் பின்னால் தசைகளைப் பிரிக்கும் தடுப்புச் சவ்வின் வழியே தோலுக்கு ரத்தம் போகிறது, அதையும் சேர்த்தெடுத்தால் தோல் பிழைக்கும் என்று 1986இல் விளக்கியது சாங் குங் மருத்துவமனையின் வெய் ஃபூ சான் குழு. தைவானிலும் வெற்றிலைப் பாக்கு மெல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அங்கே அதில் பொதுவாகப் புகையிலை சேர்ப்பதில்லை, இருந்தும் வாய்ப்புற்றுநோய் மிகுதி. இந்த அறுவையில் உலகத்துக்கே பாடம் எடுக்கும் மருத்துவமனை பாக்கு மெல்லும் நாட்டில் உருவானது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவிலிருந்தும் மருத்துவர்கள் அங்கே போய்ப் பயின்று வந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் முழுவதும்

இடுப்பெலும்பையும் தோள்பட்டை எலும்பையும் பின்னுக்குத் தள்ளி ஃபிபுலா முந்தியதற்கு இன்னொரு காரணம் மிகவும் நடைமுறையானது. கால், முகத்திலிருந்து தூரத்தில் இருக்கிறது. ஒரு குழு வாயில் புற்றையும் கழுத்தில் நெறிக்கட்டிகளையும் அகற்றும்போதே, மற்றொரு குழு காலில் வேலையைத் தொடங்கிவிடலாம். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டியதில்லை. அப்படியும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

இப்போது பல இடங்களில் வெட்டும் வேலை கணினியில் முன்கூட்டியே நடந்துவிடுகிறது. தாடையையும் காலையும் சிடி ஸ்கேன் எடுத்து, எங்கே, எந்தக் கோணத்தில் வெட்டினால் எந்த வளைவு வரும் என்று திரையில் பார்த்து, அதற்கேற்ற வெட்டு அச்சுகளை முப்பரிமாண அச்சில் எடுத்து அறுவை அரங்குக்குக் கொண்டுவருகிறார்கள். நேரம் மிச்சமாகிறது, வளைவும் துல்லியமாக அமைகிறது. இந்த வசதி இல்லாமல் கண்ணளவிலேயே அழகான தாடையைச் செய்யும் மூத்த மருத்துவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லியாகவேண்டும்.

எலும்பு வளைந்து, சிறு தகடுகளால் இறுகிய பிறகு, கழுத்தில் உள்ள தமனியோடும் சிரையோடும் அதன் குழாய்கள் தைக்கப்படுகின்றன. பதற்றமான கட்டம் அதற்குப் பிறகுதான். அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் அந்தத் தையலில் ரத்தம் உறைந்தால் எல்லாம் வீண். ஆகவே இரவெல்லாம் செவிலியர் மணிக்கு ஒருமுறை வாய்க்குள் டார்ச் அடித்து எலும்போடு வந்த கால் தோலின் திட்டைப் பார்க்கிறார். வெளுத்திருந்தால் ரத்தம் வரவில்லை. நீலம் பாரித்து வீங்கினால் வந்த ரத்தம் திரும்பவில்லை, சிரை அடைத்துக்கொண்டது. ஊசியால் குத்தினால் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் எட்டிப்பார்க்கவேண்டும், கருஞ்சிவப்பில் கொட்டக்கூடாது. சந்தேகம் வந்தால் நள்ளிரவானாலும் மீண்டும் அரங்குக்குத்தான். அனுபவமுள்ள மையங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இது வெற்றியாக முடிகிறதென்றால், அதில் இந்தச் செவிலியரின் கண்ணுக்கும் பங்கு உண்டு.

காலில் என்ன மிச்சம்? கட்டைவிரலை மடக்கும் தசை இந்த எலும்பிலிருந்தே கிளம்புகிறது, ஆகவே அந்த விரலில் வலு குறையும். கணுக்கால் சிறிது விறைக்கலாம், குளிரில் வலிக்கலாம். தோல் எடுத்த இடம் பெரிதாக இருந்தால் தொடையிலிருந்து மெல்லிய தோல் உரித்து ஒட்டவேண்டிவரும், அந்தத் தழும்பு நிலைக்கும். வளரும் குழந்தைகளுக்குக் கணுக்கால் கோணும் அபாயம் இருப்பதால் தனிக் கவனம் தேவை. வாயில் நேரும் வினோதம் வேறு. காலில் முடி இருந்தால் வாய்க்குள்ளும் முடி வளரும். கதிர்வீச்சு கொடுத்தால் அது பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கொடுக்கவில்லையென்றால் முடி நீக்கவேண்டும். அந்தத் தோலுக்கு எச்சில் சுரக்கவும் தெரியாது, உணர்வும் இல்லை. சாதப் பருக்கை அங்கே தங்கினால் நாக்கு போய்த் தொட்டால்தான் தெரியும்.

எல்லாக் காலும் கொடுக்காது

காலின் ஃபிபுலா தமனியை எடுத்துவிட்டால் பாதத்துக்கு ரத்தம் மற்ற இரண்டு தமனிகள் வழியாகப் போகவேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த இரண்டும் மெலிந்து, பாதம் முழுக்க முழுக்க இந்த ஒன்றையே நம்பியிருக்கும். தெரியாமல் எடுத்தால் தாடை கிடைக்கும், பாதம் போகும். ஆகவே பல மையங்களில் அறுவைக்கு முன் காலின் ரத்தக் குழாய்களை ஸ்கேனில் பார்த்துவிடுகிறார்கள்.

அதைவிட அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல், நீண்ட நாள் புகைபிடித்தவரின், சர்க்கரை நோயாளியின் கால். தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கல்லாகி, ஊசி இறங்காத நிலை. வாயைக் கெடுத்த அதே புகையிலை, வாயைச் சரிசெய்ய வேண்டிய காலையும் கெடுத்து வைத்திருக்கும்.

கழுத்திலும் சிக்கல் வரலாம். அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டின் கதை இதற்குச் சான்று. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்காகக் கதிர்வீச்சு பெற்றிருந்த அவருக்கு, 2006இல் தாடை எலும்பின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. கதிர்வீச்சால் நைந்திருந்த கழுத்துத் தமனி சில நாட்களில் வெடித்தது. உயிர் பிழைத்ததே பெரிது. உடலின் பிற இடங்களிலிருந்து எலும்பும் சதையும் எடுத்துத் தாடையை மீட்டெடுக்க மூன்று முறை முயன்றார்கள். மூன்றும் தோற்றன. உலகின் மிகச் சிறந்த வசதிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் அவர். பேச்சும் வாய்வழி உணவும் இல்லாமல், 2013இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். தன் முகத்தை மறைக்காமல் பத்திரிகைக்குப் படமெடுக்கவும் கொடுத்தார். ஒருமுறை கதிர்வீச்சு பட்ட கழுத்தில் ஆரோக்கியமான குழாயைத் தேடிப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அவர் கதை நன்றாகச் சொல்லும்.

மேல்தாடைக்கும் ஃபிபுலா பயன்படுகிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையைத் தொடர்ந்து நாடெங்கும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை, உயிர் தப்பியவர்களில் பலருக்கு மேல்தாடையை இல்லாமல் செய்துவிட்டது. குடித்த தண்ணீர் மூக்கு வழியே வரும் நிலை. அண்ணத்தின் ஓட்டையை அடைக்கும் செயற்கைத் தட்டு பலருக்குப் போதுமானதாக இருந்தது. ஓட்டை மிகப் பெரிதானபோது காலெலும்பு தேவைப்பட்டது.

பற்கள் எங்கே?

இனி மெல்லுவதற்கு வருவோம். தாடை எலும்பு கூடிவிட்டது, முகம் நேராகிவிட்டது, ஒட்டிய இடம் எக்ஸ்ரேயில் அழகாகத் தெரிகிறது. செய்தித்தாளில் மருத்துவமனை வெளியிடும் படமும் இதோடு நின்றுவிடும். ஆனால் ஃபிபுலாவில் பல் முளைக்காது. பல்லில்லாத தாடையால் இட்லியைக் குழைத்து விழுங்கலாம், கறியைக் கடிக்க முடியாது.

சாதாரணப் பல்செட் இங்கே நிற்பதில்லை. அதைத் தாங்கும் ஈறு மேடு போய்விட்டது, ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையிலான பள்ளங்கள் மூடிவிட்டன. எலும்புக்குள் டைட்டானியத் திருகு பதித்து, அதன்மேல் பல் கட்டுவதே வழி. ஃபிபுலாவின் கெட்டியான புறச்சுவர் திருகை நன்றாகப் பற்றிக்கொள்ளும். அந்த வகையில் அது மிக நல்ல எலும்பு. உயரம்தான் போதாது. பல்லிருந்த தாடையின் உயரம் ஏறக்குறைய 30 மி.மீ. என்றால், ஃபிபுலாவின் உயரம் அதில் பாதி. அதனால் சிலருக்கு எலும்பை இரண்டாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். கால் எடையைத் தாங்கவைத்தால் நாளடைவில் பருத்துவிடும் அதே எலும்பு, தாடையில் அப்படிப் பருப்பதில்லை.

காலமும் பணமும் அடுத்த தடைகள். அறுவைக்குப் பின் பலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. ஆறு வாரங்களுக்குள் தொடங்கினால் நல்லது. அது முடிந்து, நோய் திரும்பவில்லை என்று உறுதியாகி, பிறகுதான் திருகு பற்றிய பேச்சு. அதற்குள் ஓராண்டு ஓடிவிடும். கதிர்வீச்சு பட்ட எலும்பில் திருகு பிடிப்பதும் முன்போல் நிச்சயமில்லை. பாக்கு மென்றவர்களுக்கு வாயின் உள்சதை இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் திறப்பது ஏற்கெனவே குறைந்திருக்கும்; திருகு பதிக்கும் கருவி எப்படி உள்ளே போகும்? இத்தனையையும் கடந்து பல் வரை வந்து சேர்பவர்கள் சிலர்தான். பலர் கூழோடு சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கும் முறையும் வந்துவிட்டது. கணினித் திட்டத்தின்படி எலும்பு காலில் இருக்கும்போதே திருகும் பல்லும் பொருத்தி, பல்லோடு சேர்த்துத் தாடைக்கு மாற்றுவது. நியூயார்க்கில் இதைச் செய்து காட்டினார்கள்; இந்தியாவிலும் சில மருத்துவமனைகள் செய்கின்றன. தாடையில் வரும் புற்றல்லாத கட்டிகளுக்கு, குறிப்பாக இளைஞர்களைத் தாக்கும் அமெலோபிளாஸ்டோமாவுக்கு, இது அருமையான வழி. அங்கே எவ்வளவு வெட்டவேண்டும் என்பது முன்பே தெரியும், கதிர்வீச்சும் இல்லை. புற்றுநோயிலோ, அரங்கில் வாயைத் திறந்து பார்த்த பிறகு கூடுதலாக இரண்டு செ.மீ. வெட்டவேண்டி வந்தால், கணினியில் போட்ட கணக்கு பொய்த்துவிடும்.

இதனால்தான் எல்லோருக்கும் ஃபிபுலா என்ற உற்சாகத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. எழுபது வயது, ஏற்கெனவே பல்லில்லை, இதயம் பலவீனம், போகப்போவது தாடையின் பின்பகுதி மட்டும் என்றால், மார்புத் தசையையோ தொடைச் சதையையோ கொண்டு ஓட்டையை மூடிவிட்டு, எலும்பே வைக்காமல் விடுவது பல நேரங்களில் சரியான முடிவு. முகம் கொஞ்சம் கோணும். அறுவை பாதி நேரத்தில் முடியும், காலில் கத்தி படாது, கதிர்வீச்சும் தாமதமின்றித் தொடங்கும். ஆனால் நாற்பது வயதுக்காரருக்கு மோவாய் போகிறதென்றால் எலும்பில்லாமல் விடுவதற்கு இன்று நியாயமில்லை. அவரிடம் அறுவைக்கு முன்பே பல் மருத்துவரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசவேண்டும். எலும்பை எந்த உயரத்தில் வைப்பது என்பதைக்கூட, பின்னால் வரப்போகும் பல்லை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.